ஐஸ்கிறீம் பெட்டியில் இரண்டு சுவிட்சுகள்

கோதுமை அறுத்து முடித்த வயலில் எங்கள் ராக்கெட் தலைகீழாகக் குத்தி நின்றது. என்னைவிட உயரமான குழாய். அதில் பாதி மண்ணுக்குள் போயிருந்தது. பாரசூட் விரியவே இல்லை. நானும் எங்கள் மாதிரி ராக்கெட் கழகத்து ஆட்களும் மண்வெட்டியால் கிண்டி அதை வெளியே எடுத்தோம். நசுங்கிக் கிடந்த சாமான்களுக்கு நடுவில் விரல் நகமளவு சுவிட்ச் ஒன்று மட்டும் உடையாமல் இருந்தது. ஏணியில் ஏறி அதைப் போட்டுவிட்டு இறங்கியவள் நான்தான். போட்டதும் உள்ளிருந்து வரும் 'பீப், பீப்' ஒலியையும் கேட்டிருந்தேன். ஆனால் உள்ளே இருந்த மின்பலகையின் பதிவைப் பிறகு கணினியில் திறந்து பார்த்தபோது, ராக்கெட் புறப்பட்ட அரை நொடியில் எல்லாம் நின்று போயிருந்தது. மேலே போனது உயிரில்லாத குழாய்.

பெரிய மாதிரி ராக்கெட்டுகளைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராக்கெட் உச்சிக்குப் போனதை உள்ளே இருக்கும் சின்ன மின்பலகை காற்றழுத்தத்தைக் கொண்டு கண்டுபிடிக்கும். அந்தக் கணத்தில் ஒரு சிட்டிகை வெடிமருந்துக்கு மின்சாரம் அனுப்பி, பாரசூட்டை வெளியே தள்ளும். பலகைக்கு மின்சாரம் இல்லாவிட்டால் ராக்கெட் கல்லாக விழும். மின்சாரம் நேரத்துக்கு முன்பே பாய்ந்துவிட்டாலோ அந்த மருந்து பக்கத்தில் நிற்பவரின் முகத்தில் வெடிக்கும். அதனால் பேட்டரிக்கும் பலகைக்கும் இடையில் ஒரு சுவிட்ச். ராக்கெட்டை ஏவுதண்டில் நிமிர்த்தி, மற்ற எல்லோரும் விலகிய பிறகு, ஒரே ஓர் ஆள் ஏணியில் ஏறி, குழாயில் உள்ள துளை வழியாக அதைப் போட வேண்டும். அதன்பின் எந்த உலுக்கலிலும் அது நழுவக் கூடாது. பிரெஞ்சில் அந்தச் சுவிட்சுக்குப் பெயர் 'ஆர்மமோன்' சுவிட்ச். ஆயத்தப்படுத்துவதற்கும் ஆயுதத்துக்கும் அந்த மொழியில் ஒரே சொல்தான். அந்த நாளில் நான் அதைப் பற்றி யோசித்ததில்லை.

நான் ஒரு லிசேயின், அதாவது உயர்நிலைப் பள்ளியின், இயற்பியல் ஆய்வுகூடத்தில் உதவியாளர். ஏழு வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள், பிரெஞ்சுத் தலைநகரின் புறநகரான பியர்ஃபித்தில் வளர்ந்தவள், இன்றும் அங்கேதான். கழகத்தில் இருந்த பதினான்கு பேரில் நான் ஒருத்திதான் பெண், நான் ஒருத்திதான் வெள்ளையில்லாதவள். எல்லோரும் நல்லவர்கள். தலைவர், விமானத் தொழிற்சாலையில் ஓய்வுபெற்றவர், என் தோளில் தட்டி, "நடக்கிறதுதான்" என்றார். அந்தத் தட்டலில்தான் எனக்கு உடம்பு கூசியது. அடுத்த ராக்கெட்டில் இரண்டு பலகை, இரண்டு பேட்டரி, இரண்டு சுவிட்ச் வைப்பது என்று முடிவானது. ஒன்று தவறினால் மற்றது காப்பாற்றும். எந்தச் சுவிட்ச் என்பதை நான் தேர்ந்து, ஏன் என்று காரணத்தோடு காட்ட வேண்டும்.

உடைந்த கைபேசிகளைத் திருத்தும் கடையொன்று தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பகுதியில் இருந்தது. என் கைபேசியை இரண்டு தடவை அங்கே கொடுத்திருக்கிறேன். நல்ல நுண்ணோக்கி அங்கே உண்டு என்று தெரியும். மேலே கண்ணாடி மேசைக்குப் பின்னால் முதலாளி. திருத்துபவர் கீழே, நிலவறையில். ஒன்பது படி இறங்க வேண்டும். அங்கே இருந்தவரைத்தான் நான் அண்ணை என்று கூப்பிட்டேன். மன்னாரைச் சேர்ந்தவர், ஐம்பதை நெருங்கியவர், மெலிந்த மனிதர். மேசைக்கு மேலே சுவரோடு சிறிய செபமாலை ஒன்று தொங்கும். நடைபாதை மட்டத்தில் ஓர் இரும்புக் கம்பிச் சாளரம். அதன் வழியாகத் தெரு தெரியாது, போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். பேசிக்கொண்டிருக்கும்போது அவர் பார்வை அடிக்கடி அங்கே போகும். கனமான கறுப்புச் சப்பாத்துகள் கடந்து போனால் பேச்சு நிற்கும். அவை போன பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடருவார். அவருடைய அகதிக் கோரிக்கை இரண்டு தடவை நிராகரிக்கப்பட்டிருந்தது. ஒன்பது வருடமாகக் கையில் வதிவிடப் பத்திரம் இல்லை. இது கடைக்கு வரும் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதைத்தான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: எனக்குத் தெரியும்.

மண்ணிலிருந்து எடுத்த சுவிட்சை நுண்ணோக்கியின் கீழ் வைத்து நெடுநேரம் பார்த்தார். ஊசியால் தொட்டார். "தங்கச்சி, இதுக்குள்ளை இருக்கிற தகடு எந்தப் பக்கம் ஓடுது எண்டு பாருங்கோ. நீங்கள் இதை நெட்டுக்கு வைச்சிருக்கிறியள். றொக்கெட் மேலை இழுக்கேக்கை இது கீழை வழுக்கும். வழுக்காமல் என்ன செய்யும்?" என்றார். ஒரு வருடம் நாங்கள் பதினான்கு பேர் பார்க்காததை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். குறுக்கே வைத்திருந்தால் தப்பியிருக்குமா என்று கேட்டேன். "தப்பியிருக்கலாம். ஆனா 'லாம்' எண்டதிலை ஏன் தொங்குவான்?" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு புதன்கிழமை மத்தியானமும், லிசேயில் எனக்கு வேலை இல்லாத நேரம், அந்த நிலவறைக்குப் போனேன். விதவிதமான சுவிட்சுகளை வாங்கிக்கொண்டு போவேன். சாவி போட்டுத் திருப்புவது ஒன்று. கழகத்தில் பலருக்கு அதில் ஆசை, பார்க்கக் கம்பீரமாக இருக்கும். அண்ணை அதைக் கையில் எடை பார்த்துவிட்டு, இவ்வளவு பாரம் எதற்கு, சாவியைத் தொலைத்தால் என்ன செய்வாய் என்று கேட்டு ஒதுக்கினார். இன்னொன்று காந்தத்தால் வேலை செய்வது. துளைகூட வேண்டாம், வெளியிலிருந்து காந்தத்தைக் காட்டினால் போதும். எனக்கு அதுதான் பிடித்திருந்தது. அவருக்கு அது துளியும் பிடிக்கவில்லை. "கண்ணுக்குத் தெரியாமல் ஒண்டு திறக்கிறதும் பூட்டுறதும் எனக்குச் சரிவராது. போட்டிருக்கோ, நிப்பாட்டியிருக்கோ எண்டு கையாலை தொட்டுத் தெரிய வேணும். ஆரோ ஒருத்தன் கைபேசியைக் கிட்டக் கொண்டு வந்து, அதிலை இருக்கிற காந்தத்தாலை திறந்திட்டால்?" வயர் இரண்டையும் வெளியே விட்டுக் கையால் முறுக்கிவிடுகிற பழைய முறையைக்கூட அவர் மதித்தார். ஆனால் காற்றில் வயர் நீட்டிக்கொண்டிருப்பதைத் தலைவர் ஏற்கமாட்டார் என்றேன்.

கடைசியில் எங்களிடம் மிஞ்சியது கடுகுக்கும் கடலைக்கும் இடைப்பட்ட அளவில் ஒரு பித்தளைத் திருகாணி. துளை வழியாகச் சிறிய திருப்புளியை விட்டுத் திருகினால் அது இறங்கிக் கீழே உள்ள தகட்டை அழுத்திப் பிடிக்கும். வில் இல்லை, வழுக்கும் பகுதி இல்லை. கழற்றினால்தான் விடும். அண்ணை அதைத் திருகித் திருகிப் பார்த்தார். எத்தனை சுற்றில் கவ்வுகிறது, கவ்வும்போது விரலுக்கு எப்படித் தெரிகிறது என்று என்னையும் கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொன்னார்.

சோதிக்காமல் நம்பக் கூடாது என்று அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு சுவிட்சோடும் ஒரு சின்ன விளக்கை இணைத்தார்; தொடுப்பு ஒரு கண்சிமிட்டும் நேரம் விட்டாலும் விளக்கு அணைந்து, அணைந்தபடியே இருக்கும். பிறகு சுவிட்சுகளைப் பொருத்திய பலகையைச் சாமான் இறக்கும் இரண்டு சில்லுத் தள்ளுவண்டியில் கட்டி, ஒன்பது படிகளிலும் 'தடார் தடார்' என்று இறக்கினோம். பழைய வகைச் சுவிட்ச் நான்காம் படியில் அணைந்தது. சுழற்றும் வகை ஒன்று எட்டாம் படி வரை தாக்குப்பிடித்தது. திருகாணி ஒன்பது படியும் இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கியும் எரிந்துகொண்டே இருந்தது. மேலிருந்து முதலாளி, "அங்கை என்ன, வீடு இடிக்கிறியளோ?" என்று கத்தினார். அண்ணை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அந்த விளக்கைக் கைக்குள் வைத்துப் பார்த்தபடி, "இப்பிடி ஒரு சாமான், எல்லாரும் விலத்தின பிறகு, வானத்துக்குப் போறதுக்கு," என்று மட்டும் சொன்னார். வசனத்தை முடிக்கவில்லை.

இரண்டு சுவிட்சுகளுக்கும் பக்கத்தில் பெயர் ஒட்ட வேண்டும் என்பது கழக விதி. 'ஆர்மமோன் 1', 'ஆர்மமோன் 2'. கைபேசிகளுக்குச் சிட்டை அடிக்கும் சின்ன இயந்திரம் அவரிடம் இருந்ததால் அதையும் அவரையே அடிக்கச் சொன்னேன். சொல்லின் அர்த்தம் கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறியது. "வேறை சொல்லு இல்லையோ? சும்மா 'போடு, நிப்பாட்டு' எண்டு?" விதி அப்படித்தான் என்றேன். அவர் இயந்திரத்தில் நாடாவைப் பொருத்தினார். ஊரில் ரேடியோ திருத்திக்கொண்டிருந்ததற்காகத் தன்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்றும், ஒரு வயர்த் துண்டை மேசையில் போட்டு 'இது எதற்கு, சொல்' என்று பதினொரு நாள் கேட்டார்கள் என்றும் அப்போதுதான் சொன்னார். "அது அன்ரெனா வயர். அதைத்தான் பதினொரு நாளும் சொன்னனான்." பிறகு சிட்டையை அடித்தார். வெள்ளை நாடாவில் கறுப்பு எழுத்து. நேராக, குமிழ் விழாமல், விரலால் நீவி ஒட்டினார். நான் நன்றி சொல்லிவிட்டு நாலரை ரயிலைப் பிடிக்க ஓடினேன்.

ஏவும் நாள் ஒரு சனிக்கிழமை. வியாழக்கிழமை கடைசிச் சோதனைக்காக, இரண்டு மின்பலகைகளும் இரண்டு சுவிட்சுகளும் பொருத்திய பலகையை அவரிடம் விட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை எடுக்கப் போக முடியவில்லை, லிசேயில் கூட்டம் இழுத்துவிட்டது. சனி காலை கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து பத்தே முக்காலுக்கு வடக்கே போகும் ரயில். வெடிமருந்தும் ராக்கெட்டின் இயந்திரமும் தலைவரின் காரில் வயலுக்குப் போய்விட்டன. பலகை மட்டும் என் பொறுப்பு. பியர்ஃபித்திலிருந்து வரும் ரயில் தாமதமாகி நடுவழியில் நின்றது. கடைக்குப் போய் வர நேரமில்லை. ரயிலுக்குள்ளிருந்தே அவரைக் கைபேசியில் அழைத்தேன்.

"அண்ணை, நான் இறங்கி உங்களிட்டை வந்தால் றெயின் போயிடும். கார் து நோருக்கு அதைக் கொண்டு வாறியளே? பெரிய மண்டபத்திலை நிக்கிறன்."

மறுமுனையில் ஒன்றும் கேட்கவில்லை. தொடர்பு விட்டுப்போனது என்று நினைத்தேன். "அண்ணை?" என்றேன்.

"ஓம் தங்கச்சி. கொண்டு வாறன்."

கடையிலிருந்து நிலையத்துக்கு நடந்து எட்டு நிமிடம். ஒன்பது வருடத்தில் அந்த நிலையத்துக்குள் அவர் கால் வைத்ததில்லை என்பதைப் பிறகுதான் அறிந்தேன். வாசல்களில் அடையாள அட்டை கேட்பார்கள், உள்ளே துப்பாக்கியோடு சிப்பாய்கள் சுற்றுவார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. நானே தினமும் அவர்களைக் கடந்து போகிறவள். என்னை ஒருநாளும் நிறுத்தியதில்லை. அதனால் அவர்கள் எனக்குத் தூண்களைப் போல ஆகியிருந்தார்கள்.

மண்டபத்துக்கு வந்தபோது சனங்களை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் சந்தேகத்துக்குரிய பொதி என்றார்கள். என்னைச் சுற்றியிருந்தவர்கள் ரயில் பிந்தப் போகிறதே என்று சலித்துக்கொண்டார்கள், நானும் சலித்துக்கொண்டேன். பொலிஸ் நாடா கட்டிய இடத்தில் தோள்களுக்கு இடையால் எட்டிப் பார்த்தேன். வெறுமையான தரையில் தனியாக ஒரு வெள்ளை ஐஸ்கிறீம் பெட்டி இருந்தது. பலகைக்கு ஈரம் படாமலிருக்க நான் கொடுத்த பெட்டி. அதற்கு அப்பால், சுவரோடு, கைகள் பின்னால் கட்டப்பட்டு முழங்காலில் அண்ணை இருந்தார். கடையில் போடும் நீல மேலங்கியோடு வந்திருந்தார். தலை குனிந்திருந்தது.

அப்போது நான் உடனே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை. ஒரு நிமிடமா, ஐந்து நிமிடமா. லிசே, வேலை, அம்மா, என் பெயர் பத்திரிகையில் வருவது, எல்லாம் வரிசையாக வந்தன. முன்னால் நின்றவரின் பயணப்பை என் முழங்காலில் இடித்தது, பின்னால் நின்றவர் என்னைத் தள்ளினார், முன்னுக்கும் பின்னுக்கும் போக முடியாமல் நின்றேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. அது பொய். நாடா என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கடைசியில் கையை உயர்த்தி, "அது என்னுடையது, அது ராக்கெட்டுக்கு உரியது," என்று பிரெஞ்சில் சொன்னேன். ராக்கெட் என்ற சொல் நிலைமையை இன்னும் கெடுத்தது.

இருவரையும் தனித்தனியாகக் கொண்டு போனார்கள். பெட்டியில் வெடிக்கும் சாமான் எதுவும் இல்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. தலைவர் வயலிலிருந்து கைபேசியில் பேசினார், கழகத்தின் அனுமதிப் பத்திரங்களை அனுப்பினார். பின்னேரம் மூன்று மணிக்கு என்னை விட்டார்கள். ஓர் அதிகாரி மரியாதையாகக் கதவைத் திறந்துவிட்டு, அடுத்த முறை கவனமாக இருங்கள் மேடம் என்றார். அண்ணையைப் பற்றிக் கேட்டேன். பெட்டி விஷயம் முடிந்தது, ஆனால் அவரிடம் பத்திரம் இல்லையே என்றார். வெளியே வந்தேன். என் அடையாள அட்டை என் கையில் இருந்தது. எனக்குத் திறந்த கதவு அவருக்குத் திறக்கவில்லை. அவரை அங்கே கொண்டு போய்விட்டவள் நான்.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள தடுப்பு நிலையத்தில் அவரை வைத்திருந்தார்கள். ஐந்து தடவை போனேன். ஒரு மேசை, இரண்டு கதிரை, அரை மணி நேரம். சில நிமிடங்களுக்கு ஒரு தடவை விமானம் எழும்பும் இரைச்சலில் பேச்சு நிற்கும். நிலவறையில் கறுப்புச் சப்பாத்துகளுக்கு நின்றது போலவே, அவர் கண் கூரைக்குப் போய்த் திரும்பும். முதல் நாள் நான் அழுதேன். அவர் அதைப் பார்க்காதவர் போலக் கேட்டார்: "அந்தப் பலகையை உடைச்சுப்போட்டினமோ?" திருப்பித் தந்துவிட்டார்கள் என்றேன். "திருகாணி ரெண்டும் இறுக்கமோ?" இறுக்கம் என்றேன். தலையாட்டினார்.

அங்கே என்ன நடந்தது என்று இரண்டாம் தடவைதான் சொன்னார். வாசலில் மறித்துப் பெட்டியில் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். ஒன்பது வருடம் நிலவறையில் இருந்தவருக்குப் பிரெஞ்சு சில சொற்கள்தான். "உண்மையான பேரைச் சொன்னா விட்டிடுவினம் எண்டு நினைச்சன் தங்கச்சி. சிட்டையிலை இருக்கிறதைச் சொன்னன். 'ஆர்மமோன்' எண்டு. அவன் திருப்பிக் கேட்டான். நான் இன்னும் தெளிவாச் சொன்னன்." மேலே ஒரு விமானம் போனது.

அவரைத் திருப்பி அனுப்புவதற்கு வேண்டிய பயணப் பத்திரம் குறித்த காலத்துக்குள் வந்து சேரவில்லை. அதனால் விட வேண்டியதாயிற்று. நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்ற கட்டளையைக் கையில் கொடுத்து ஒரு வெள்ளிக்கிழமை வாசலில் விட்டார்கள். நான் போய்ச் சேரும் முன்பே அவர் பஸ் ஏறிப் போயிருந்தார். முதலாளி பயந்து அவரைத் திரும்ப வேலைக்கு எடுக்கவில்லை. நிலவறையில் வேறு ஒருவர் இருந்தார். பொண்டி என்ற புறநகரில் யாரோ வீட்டுக்குப் பின்னால் இருந்த கராஜில் தங்கியிருக்கிறார், நிறப்பூச்சு வேலைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். அவருடைய பழைய எண் வேலை செய்யவில்லை. நான் தேடினேன் என்று சொல்லலாம். முழு மனதோடு தேடினேன் என்று சொல்ல மாட்டேன். கண்டுபிடித்தால் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அடுத்த கோடையில் அதே பலகையோடு ராக்கெட்டை ஏவினோம். மற்றவர்கள் விலகிய பிறகு ஏணியில் ஏறினேன். திருப்புளி முதல் தடவை துளைக்குள் போகவில்லை. அவர் சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டு திருகினேன். மூன்றாம் சுற்றில் கவ்வியது விரலுக்குத் தெரிந்தது. பிறகு இரண்டாவது. இரண்டு பலகைகளும் ஒன்றுக்கொன்று பிந்தி ஒலி எழுப்பின. ராக்கெட் போனது; மேலே சின்னப் புகை; பாரசூட் விரிந்தது. கழகத்தார் கட்டிப்பிடித்தார்கள். சுவிட்சை எப்படித் தேர்ந்தாய் என்று தலைவர் கேட்டபோது ஒரு நண்பர் உதவினார் என்றேன். அதற்கு மேல் சொல்லத் துணிவு வரவில்லை.

அதற்கு ஆறு வருடத்துக்குப் பிறகு, சென்ற மார்கழியில், லா ஷப்பேலில் ஒரு மரக்கறிக் கடை வாசலில் அவரைக் கண்டேன். அவர்தான் முதலில் கூப்பிட்டார். முடி முழுவதும் நரைத்திருந்தது. தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். இப்போது பத்திரம் கிடைத்துவிட்டது. ஒரு வருட அட்டை, வேலையைக் காட்டிக் கிடைத்தது. மின்சைக்கிள் திருத்தும் பட்டறையில் இருக்கிறார். தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடிக் கதவாம். அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டு உடனே உள்ளே வைத்தார். பேசும்போது இரண்டு தடவை பையைத் தொட்டுப் பார்த்தார். பட்டறை எங்கே என்று கேட்டேன். சொன்னார். அங்கிருந்து வர கார் து நோர் வழியாக வந்தால் இருபது நிமிடம். அவர் இரண்டு பஸ் மாறி ஒரு மணி நேரம் எடுத்து வருகிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

"அந்தக் குடை விரிஞ்சதோ?" என்று அவர் கேட்டார். கைபேசியில் இருந்த படத்தைக் காட்டினேன். புகை, வானம், சிவப்புத் துணி மெல்ல விரிந்து இறங்குவது. மூன்று தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்ததும் எனக்கு அவசரம் வந்துவிட்டது. வருகிற கோடையில் பெரிதாக ஒன்று ஏவப் போகிறோம், நீங்கள் வர வேண்டும், காரில் கூட்டிக்கொண்டு போய்க் காரிலேயே கொண்டு வந்து விடுகிறேன், ஏணியில் ஏறி நீங்களே அந்தத் திருகாணியைத் திருக வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அப்படிச் செய்தால் ஏதோ ஒன்று சரியாகிவிடும் என்று நினைத்தேன் போல.

அவர் கைபேசியை மேசையில் வைத்து என் பக்கம் நகர்த்தினார்.

"இல்லைத் தங்கச்சி. நான் வரேல்லை."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை லேசாக உயர்த்தினார்.

"கோவமில்லை. அண்டைக்கு நீங்கள் ரெலிபோன் எடுத்துக் கேக்கேக்கையும் எனக்கு வர விருப்பமில்லை. பயம். ஆனா அப்ப நான் ஆருக்கும் ஏலாது எண்டு சொல்லுற நிலைமையிலை இருக்கேல்லை. முதலாளிக்கும் சொல்லேலாது, படுக்க இடம் தந்தவனுக்கும் சொல்லேலாது. உங்களுக்கும் சொல்லேலாது. இப்ப சொல்லலாம்தானே."

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. கதவு திறந்து குளிர் வந்தது, யாரோ பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டபடி எங்களைக் கடந்து போனார்கள்.

"சரி அண்ணை," என்றேன். இன்னொரு தடவை கேட்கவில்லை.